காது கொடுத்தவர்களும் வாய் திறந்தவர்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டு மாவட்டச் சேரிகளுக்கு வந்த பாதிரியார்கள் ஆடம் ஆண்ட்ரூவும் வில்லியம் கௌடியும் வேதம் சொல்வதோடு நிற்கவில்லை. நம் முன்னோர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். முன்னோர் கேட்டது கஞ்சி மட்டுமல்ல, நிலம். குடியிருந்த மனைகூட மிராசுதார் பிடியில். எதிர்த்துப் பேசினால் குடிசையும் போகும். பாதிரியார்கள் அரசை வற்புறுத்தினார்கள். ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் இந்நிலையை அறிக்கையாக்கினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது.

இதைக் கருணையின் கதையாக மட்டும் சொல்வதை நாம் ஏற்கவில்லை. குடிசை போகும் என்று தெரிந்தும் வாய் திறந்தவர்கள் நம் முன்னோர். அந்த நிலங்களில் பல இன்று பிறர் கையில். காரணை நிலத்தை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் தந்தார்கள். திருச்சபைகளிடம் நம் கேள்வி ஒன்றே: அன்று சேரிக்கு வந்த காது இன்று எங்கே?