நார்போனிலிருந்து செத் வரை: திராட்சை நிலத்தினூடே ஒரு சைக்கிள் பாதை

பிரான்ஸின் தென் கடற்கரை என்றதும் பலருக்கும் நீஸ், கான் நகரங்கள்தான் நினைவுக்கு வரும். அது இத்தாலி எல்லைப் பக்கம் உள்ள பணக்காரர்களின் கரை. ரோன் நதிக்கு மேற்கே ஸ்பெயினை நோக்கி வளையும் மற்றக் கரை லாங்டொக். தட்டையான நிலம், கடலையொட்டி வரிசையாகக் களப்புகள், அவற்றின் பின்னால் மலையடிவாரம் வரை திராட்சைத் தோட்டங்கள். பரப்பளவில் பிரான்ஸின் மிகப் பெரிய வைன் பிரதேசம் இதுதான். நெடுங்காலமாக மலிவு வைனின் ஊர் என்ற பெயரும் இதற்கு உண்டு.

2025 செப்டெம்பரில் நார்போன் நகரிலிருந்து செத் துறைமுகம் வரை எட்டு நாட்கள் சைக்கிளில் போனேன். கால்வாய்க் கரை வழியாகப் போனால் ஏறக்குறைய 120 கிலோமீற்றர்; அவசரக்காரர் இரண்டு நாளில் முடித்துவிடுவார். ஆனால், இந்தப் பாதையில் நின்று பார்க்க வேண்டியவை நிறைய. சுற்றுலாப் பிரசுரங்கள் மரநிழலையும் வைன் கிண்ணத்தையும் மட்டும் காட்டுகின்றன. அந்தப் படங்களுக்கு வெளியே விடப்பட்டவற்றைப் பற்றியே இங்கு அதிகம் எழுதுகிறேன்.

முதலில் நடைமுறை விடயங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களும் உகந்தவை. ஜூலை, ஓகஸ்டில் வெயில் கடுமை. காட்டுத்தீ அபாயம் கூடிய நாட்களில் மலைக்காடுகளுக்குள் நுழையவும் தடை விதிப்பார்கள். வெயிலை விடப் பெரிய எதிரி காற்று. திராமொன்தான் எனப்படும் வறண்ட காற்று வடமேற்கிலிருந்து நாட்கணக்கில் வீசும். எனவே மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் போவதுதான் புத்தி. எதிர்த்திசையில் வந்தவர்கள் சமதரையிலும் மலையேறுபவர்கள் போல நின்று மிதித்ததைக் கண்டேன்.

கால்வாய்க் கரைப் பாதை ஒரே தரமானதல்ல. பெஸியே நகருக்குக் கிழக்கே நல்ல தார்ப்பாதை உண்டு. மேற்கே பல இடங்களில் கல்லும் மர வேர்களும் கிடக்கும் ஒற்றையடிப் பாதைதான். மெல்லிய பந்தயச் சில்லுகள் வேண்டாம். நாம் இடப்பக்கம் ஓடிப் பழகியவர்கள், அங்கே வலப்பக்கம். மோட்டார் வாகனச் சாரதிக்குரிய மதுபோதை வரம்பு சைக்கிள்காரருக்கும் பொருந்தும். பிரதேச ரயில்களில் சைக்கிளை ஏற்றலாம், ஆனால் இடம் குறைவு. இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. விண்ணப்பக் கட்டணம் 90 யூரோ. ஐரோப்பாவில் வாழும் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் அதே விசாவில் இந்தப் பயணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நார்போனில் சைக்கிளை ஏறியதும் செத் பக்கம் திரும்பவில்லை. முதலில் தென்மேற்கே, கோர்பியேர் மலைகளை நோக்கிப் போனேன். கடலோரச் சமவெளியை விட்டு ஏற வேண்டிய பாதை என்பதால் பலர் இதைத் தவிர்ப்பார்கள். ஆனால், அங்கே நடப்பதைப் பார்க்காமல் இந்தப் பிரதேசம் விளங்காது.

நகரை விட்டு வெளியேறியதும் மொன்ரெடொன் என்ற ஊர் வரும். 1976 மார்ச் 4ஆம் திகதி, மலிவான இத்தாலிய வைன் இறக்குமதிக்கு எதிராகப் போராடிய விவசாயிகளுக்கும் கலகம் அடக்கும் பொலிஸாருக்கும் இடையே இங்கு துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு விவசாயியும் ஒரு பொலிஸ் அதிகாரியும் இறந்தார்கள். வைன் இங்கே வெறும் குடிபானமல்ல, சோற்றுப் பிரச்சினை.

கோர்பியேரில் திராட்சைக்குப் பந்தல் இல்லை. யாழ்ப்பாணத்து முந்திரிகைப் பந்தலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, முழங்கால் உயரத்தில் கிண்ண வடிவில் கத்தரிக்கப்பட்டுத் தனித்தனியே நிற்கும் கட்டைகள் முதலில் செடியாகவே தெரிவதில்லை. கரிஞான், கிரெனாஷ் போன்ற பழைய வகைகள் வறட்சியைத் தாங்கக்கூடியவை. அப்படிப்பட்டவையே தாக்குப்பிடிக்க முடியாத அளவுக்கு 2022க்குப் பின் இந்தப் பகுதியில் மழை பொய்த்தது. இன்னொரு பக்கம், பிரான்ஸில் வைன் குடிப்பதும் குறைந்துவிட்டது. 1960களில் ஆளொருவருக்கு ஆண்டுக்கு 100 லீற்றருக்கு மேல் இருந்தது, இன்று அதில் பாதிகூட இல்லை. விழுந்தது பெரும்பாலும் சிவப்பு வைன். லாங்டொக் அதைத்தான் அதிகம் செய்கிறது.

அரசாங்கத்தின் பதில், கொடிகளைப் பிடுங்குவது. நிரந்தரமாகப் பிடுங்கினால் ஹெக்டேயருக்கு 4,000 யூரோ என்ற திட்டத்தை 2024இல் அறிவித்தார்கள். அதற்கான 120 மில்லியன் யூரோவுக்கு ஐரோப்பிய ஆணைக்குழு அனுமதி கொடுத்தது. நார்போன் அமைந்திருக்கும் ஓட் மாவட்டம் அதிகம் பிடுங்கிய மாவட்டங்களில் ஒன்று. தெருவோரத்தில் வேர்கள் மேலே பார்க்கக் குவித்துவைத்த கட்டைகளை நானும் கண்டேன். வாரிசு இல்லாத முதிய விவசாயிக்கு இது கடன் தீர்க்கும் வழி. அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், திராட்சைத் தோட்டம் இந்த மலைகளில் இன்னொரு வேலையும் செய்து வந்தது. கொடிகளின் இடையே களை எடுத்து உழுத மண் தீயை நிறுத்தும். கைவிட்ட தோட்டத்தில் இரண்டு மூன்று வருடத்தில் புல்லும் பற்றையும் மண்டிவிடும். 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி ரிபோட் என்ற சிற்றூர் அருகே பிடித்த தீ சுமார் 16,000 ஹெக்டேயரைத் தின்றது. ஒரு பெண் தன் வீட்டிலேயே உயிரிழந்தார். கொடிகளைப் பிடுங்கியது தீக்கு வழிவிட்டது என்ற பேச்சு விவசாயிகளிடம் மட்டுமல்ல, ஆட்சியாளர் மட்டத்திலும் அப்போது எழுந்தது. ஒரு மாதம் கழித்து நான் போனபோது மலைச்சரிவு கரிக்கட்டையாகக் கிடந்தது. அதன் நடுவே, ஓரத்து இலைகள் மட்டும் பொசுங்கிய பச்சைச் சதுரங்கள். பராமரிப்பில் இருந்த தோட்டங்கள் அவை. வறட்சியும் காற்றும் சேர்ந்து பரப்பிய தீக்கு ஒரே காரணம் சொல்ல முடியாதுதான். என்றாலும் அந்தச் சதுரங்களைப் பார்த்த பிறகு, 4,000 யூரோ என்ற கணக்கில் தீயணைப்புச் செலவையும் யாராவது சேர்த்தார்களா என்று கேட்கத் தோன்றியது.

நார்போனுக்குத் திரும்பி, ரொபின் கால்வாய் வழியாக வடக்கே போனால் மிடி கால்வாய் வரும். துலூஸ் நகரிலிருந்து தோ களப்பு வரை 240 கிலோமீற்றர் நீளமான இதை 1666 முதல் 1681 வரை வெட்டினார்கள். 1996இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இதை முன்னின்று செய்த பியர் போல் ரிக்கே ஒரு பொறியியலாளர் அல்ல, பெஸியேயில் பிறந்த உப்புவரி வசூல்காரர். வேலை உச்சத்தில் இருந்தபோது சுமார் 12,000 பேர் வெட்டினார்கள், பெண்களும் உட்பட. ஞாயிற்றுக்கிழமைக்கும் நோய் நாட்களுக்கும் சம்பளம் கொடுத்தார் என்பது 17ஆம் நூற்றாண்டில் அபூர்வமான செய்தி. கடனாளியாகி, கால்வாய் திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 1680இல் இறந்துபோனார்.

இங்கிருந்து பெஸியே வரை மதகுப் பூட்டே கிடையாது. கால்வாயின் இந்தச் சமமட்டப் பகுதி மொத்தம் 54 கிலோமீற்றர் நீளம். மட்டம் குலையாதிருக்கக் குன்றுகளைச் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கிறார்கள். ஒரே தேவாலயக் கோபுரம் அரை மணிநேரத்தில் மூன்று பக்கத்திலிருந்தும் தெரியும். நிழல் மட்டும் முன்போல் இல்லை. கரையில் நின்ற சுமார் 42,000 பிளேன் மரங்களில் 2006இல் ஒரு பூஞ்சண நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து கிடையாது, வெட்டி எரிப்பதுதான் வழி. பல்லாயிரம் மரங்கள் போய்விட்டன. இந்த முறை ஒரே இனத்தை நடாமல் பல இனங்களைக் கலந்து நட்டிருக்கிறார்கள். அவை நிழல் தர இன்னும் காலமெடுக்கும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

கால்வாய்க் கரையில் அர்ஜலியே என்று ஒரு சிறிய ஊர். 1907 மார்ச் 11ஆம் திகதி இங்கிருந்து 87 திராட்சை விவசாயிகள் நார்போனுக்கு நடந்து போனார்கள். முன்னால் போனவர் மார்செலன் அல்பேர், ஊர்க் கஃபே உரிமையாளர். சீனி கரைத்துச் செய்த போலி வைனும் பிரெஞ்சுக் குடியேற்றக்காரர் அல்ஜீரியாவில் பயிரிட்டு அனுப்பிய வைனும் விலையை விழுத்தியிருந்தன. ஞாயிறு தோறும் ஒவ்வொரு நகரில் கூட்டம் நடத்தினார்கள். ஜூன் 9ஆம் திகதி மொன்பெலியேயில் திரண்டவர்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேல். பிரதமர் கிளெமன்சோ இராணுவத்தை அனுப்பினார். ஜூன் 19, 20ஆம் திகதிகளில் நார்போன் தெருக்களில் குறைந்தது ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

செய்தி அக்த் நகருக்குப் போனது. பெஸியேயைச் சேர்ந்த 17ஆம் காலாட்படை அப்போது அங்கேதான் இருந்தது. சிப்பாய்கள் பெரும்பாலும் இந்த ஊர்களின் விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள். சுமார் 500 பேர் ஆயுதக் களஞ்சியத்தை உடைத்து, இரவோடிரவாகப் பெஸியேக்கு நடந்தார்கள். காலையில் ரிக்கேயின் சிலை நிற்கும் பெருந்தெருவில் துப்பாக்கிகளை அடுக்கிவைத்து உட்கார்ந்தார்கள். ஊர்மக்கள் சாப்பாடும் வைனும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் பின் திரும்பினார்கள், பிறகு துனீசியாவின் கஃப்ஸாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அல்பேர் பாரிஸ் போய்க் கிளெமன்சோவைச் சந்தித்தார். திரும்பி வர ரயில் காசாக 100 பிராங் வாங்கியதைப் பிரதமர் பத்திரிகைகளுக்குச் சொல்லிவிட, சொந்த மக்களே அவரை விலைபோனவர் என்றார்கள். 1921இல் வறுமையில் இறந்தார். ஆனால், ஜூன் 29ஆம் திகதியே கலப்படத்துக்கு எதிரான சட்டம் நிறைவேறியிருந்தது. திராட்சையிலிருந்து வருவது மட்டுமே வைன் என்று இன்று போத்தலை நம்பி வாங்குபவர்கள் அந்த ஊர்வலத்துக்கும் கடன்பட்டவர்கள்.

அர்ஜலியேயிலிருந்து பெஸியே போகும் வழியில் மல்பாஸ் குன்று. 1247இல் வற்றவைத்த மொன்தாடி ஏரியை மேலிருந்து பார்த்தால், வாய்க்கால்கள் நடுவிலிருந்து சக்கரத்தின் கம்பிகள் போல விரியும். அந்த ஏரியின் வடிகால், கால்வாய், ரயில் பாதை மூன்றும் ஒரே குன்றுக்குள் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சுரங்கம் போகின்றன. பெஸியே வாசலில் ஃபொன்செரான் மதகுப் படிகள் 21 மீற்றருக்கும் மேல் படகுகளை இறக்குகின்றன. கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.

பெஸியேயிலிருந்து அக்த் வரை, அன்று சிப்பாய்கள் நடந்ததற்கு எதிர்த்திசையில், இரண்டு மணிநேரம் சாவகாசமாக மிதிக்கலாம். அக்துக்கு அப்பால் தோ களப்பு. அலையேற்றம் இல்லாத நீர் என்பதால் சிப்பிகளைக் கயிற்றில் ஒட்டித் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள். மர்செயானிலிருந்து செத் வரை ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. கடலரிப்பு தின்றுகொண்டிருந்த பழைய கரையோர வீதியை அகற்றி, உள்ளே ரயில் பாதையோரம் புது வீதி போட்டு, மணல்மேடுகளை மீட்டிருக்கிறார்கள். அருமையான சைக்கிள் பாதை அந்த வேலையோடு வந்தது.

இந்த மணலில்தான் வசால் என்ற அரச ஆய்வுத் தோட்டம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்செரா என்ற பூச்சி ஐரோப்பியத் திராட்சையின் வேரைத் தின்று தோட்டங்களை அழித்தது. 1868இல் அதை இனங்கண்டவர்களில் மொன்பெலியேயின் தாவரவியலாளர் பிளான்ஷோன் ஒருவர். அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டித்தான் தொழில் மீண்டது. ஆனால், மணலில் அந்தப் பூச்சி வாழாது. ஆகவே, 1949 முதல் உலகின் பல நாடுகளின் திராட்சை வகைகளை, ஒட்டாமல் சொந்த வேரிலேயே இங்கு காத்து வருகிறார்கள். 7,000இற்கும் அதிகமான மாதிரிகள். வறட்சியையும் வெப்பத்தையும் தாங்கும் கொடி எது என்று நாளை தேடுபவர்கள் வர வேண்டிய இடம் இது.

உயரும் கடலும் மண்ணுக்குள் ஏறும் உப்பும் இப்போது அந்தச் சேமிப்பையே அச்சுறுத்துகின்றன. எனவே, ஒவ்வொரு வகையாகக் குச்சி வெட்டி, குருயிசான் அருகிலுள்ள பெஷ் ரூஜ் ஆய்வுப் பண்ணைக்கு மாற்றி வருகிறார்கள். அங்கே மணல் இல்லாததால் கொடிகளை அமெரிக்க வேரில்தான் ஒட்ட வேண்டும். குருயிசான் நார்போனுக்குப் பக்கத்தில் கடலோரம் உள்ள ஊர், சைக்கிளில் ஒரு காலைப் பொழுது போதும்.