பாட்டு யாருடைய கையில்?

இசைக் கலைஞன் தன் பாட்டை வணிக விளம்பரத்துக்குக் கொடுக்கலாமா? இக்கேள்வியை எழுப்புவோர் பெரும்பாலும் அதனைத் தனிமனித ஒழுக்கம் பற்றிய கேள்வியாகவே எழுப்புகின்றனர். கொடுத்தவன் கொள்கையற்றவன், மறுத்தவன் இலட்சியவாதி. இவ்வாறு தீர்ப்புக் கூறுதல் எளிது. ஆனால் கொடுப்பதற்கோ மறுப்பதற்கோ பாட்டு முதலில் அதனைப் படைத்தவனின் கையில் இருக்க வேண்டுமல்லவா? வரலாற்றை இக்கோணத்தில் நின்று நோக்குவோமாயின், பிரச்சினையின் வேர் வேறிடத்தில் இருப்பதை உணர்வோம்.

பீற்றில்ஸ் குழுவினரை முதலில் எடுத்துக்கொள்வோம். லெனனும் மக்காட்னியும் இயற்றிய பாடல்களுக்கென 1963 இல் இங்கிலாந்தில் ஒரு வெளியீட்டுக் கம்பனி அமைக்கப்பட்டது. அதன் பங்குகள் பின்னர் பங்குச் சந்தைக்கு வந்தன. 1969 இல் ஏ.ரி.வி. நிறுவனம் அதன் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. 1985 இல் மைக்கல் ஜாக்சன் 4 கோடியே 75 இலட்சம் டொலர் கொடுத்து அவ்வுரிமைகளை வாங்கினார். உலகெங்கும் மாணவர் கிளர்ச்சிகள் மூண்ட 1968 இல், ‘புரட்சி’ எனும் பொருள்படும் தலைப்பில் லெனன் ஒரு பாட்டை எழுதியிருந்தார். அப்பாட்டின் அரசியலை அன்றைய இடதுசாரிகள் பலர் கண்டித்தனர் என்பது உண்மையே. ஆயினும் அது ஒரு காலத்தின் வாக்குவாதம். எவருடைய விற்பனைக் கூவலுமன்று. அதே ஒலிப்பதிவை 1987 இல் நைக்கி கம்பனி சப்பாத்து விற்கப் பயன்படுத்தியது. லெனன் கொலையுண்டு அப்போது ஆறாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. பீற்றில்ஸ் குழுவின் ஆப்பிள் நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. 1989 இல் அது சமரசமாக முடிந்தது. இங்கு விற்கலாமா கூடாதா என்ற விவாதத்துக்கே இடமில்லை. பாட்டு ஏற்கெனவே கைமாறிப் போயிருந்தது.

உரிமையை இழக்காதவன் மட்டும் பாதுகாப்பாக இருந்தானா? அமெரிக்கப் பாடகர் ரொம் வெயிற்ஸ் விளம்பரங்களுக்குப் பாட உறுதியாக மறுத்து வந்தவர். விளம்பரக் கூவல்களையே கேலி செய்யும் பாட்டொன்று 1976 இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டில் உண்டு. 1988 இல் ஃபிறிற்றோ-லே கம்பனி, அவரது கரகரத்த குரலைப் போலப் பாடவல்ல வேறொருவரைக் கொண்டு, அப்பாட்டின் பாணியிலேயே தன் நொறுக்குத்தீனிக்கு விளம்பரம் செய்தது. வெயிற்ஸ் வழக்குத் தொடுத்து வென்றார். 20 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட நட்டஈட்டை 1992 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் ஆண்டுக்கணக்கில் வழக்காட எத்தனை கலைஞர்களிடம் பணம் உண்டு?

பணமில்லாதவனின் கதை வேறு. தென்னாபிரிக்கச் சூலு பாடகர் சொலமன் லிண்டா 1939 இல் ஜொஹன்னஸ்பேர்க்கில் ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பதிவுசெய்தார். அதன் உரிமை 1952 இல் கம்பனிக்குச் சென்றது. அதற்காக அவர் பெற்றது பத்து ஷில்லிங் என்பர். அப்பாட்டின் ஆங்கில வடிவம் 1961 இல் அமெரிக்காவில் பெருவெற்றி ஈட்டியது. மறு ஆண்டே லிண்டா வறுமையில் இறந்தார். வழக்கின் பின்னர் 2006 இலேதான் அவருடைய மக்களுக்கு உரிய பங்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. இத்தகைய ஒருவர் விளம்பரப் பணத்தைப் பெற்றிருந்தால் அவரைக் குறை கூற நமக்கு என்ன தகுதி உண்டு?

இனி, உரிமையைக் கையில் வைத்திருந்தோரின் வரலாற்றைப் பார்ப்போம். 1965 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தோன்றிய டோர்ஸ் குழுவினர் நால்வரும் வருமானத்தைச் சமமாகப் பகிர்ந்தனர். ஒவ்வொருவருக்கும் மறுப்புரிமையும் இருந்தது. 1968 இல், பாடகர் ஜிம் மொறிசன் இல்லாத வேளையில், ஏனைய மூவரும் பியூக் மோட்டார் வண்டியின் விளம்பரத்துக்கு ஒரு பாட்டைக் கொடுக்க இணங்கினர். திரும்பி வந்த மொறிசன் கடுஞ்சினங் கொண்டார், அம்முயற்சி கைவிடப்பட்டது. மொறிசன் 1971 இல் இறந்தார். பின்னர் இங்கிலாந்தில் ஒரு டயர் விளம்பரத்துக்குப் பாட்டொன்று கொடுக்கப்பட்டபோது, தாளவாத்தியக் கலைஞர் ஜோன் டென்ஸ்மோர் மனம் வருந்தித் தமது பங்கை அறப்பணிக்கு அளித்தார். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கடிலாக் வண்டிக்காக 1 கோடியே 50 இலட்சம் டொலர் தர முன்வந்தபோது அவர் மறுத்துவிட்டார். கடிலாக்கும் பியூக்கைப் போல ஜெனரல் மோட்டர்ஸின் உற்பத்தியே. தோழர்கள் இருவரும் அவரோடு முரண்பட்டனர். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. ஆயினும் ஒருவரின் ‘இல்லை’ என்ற சொல் நின்றது. அதனை நிற்கச் செய்தது அவருடைய நெஞ்சுறுதி மட்டுமன்று. இளமையில் நால்வரும் செய்துகொண்ட சமத்துவ உடன்பாடுமாகும்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். ஓவியன் விளம்பரத்துக்கு வரைகிறான். எழுத்தாளன் விளம்பர வாசகம் எழுதுகிறான். இசைஞன் மட்டும் ஏன் தயங்க வேண்டும்? விளம்பரத்துக்கென்றே இசையமைத்துக் கூலி பெறுதல் நேர்மையான தொழில். அதனை நாம் இழிவாகக் கருதவில்லை. ஆனால் மக்கள் ஏற்கெனவே தம் காதலோடும் துயரோடும் போராட்டத்தோடும் பிணைத்துக்கொண்ட பாட்டு வேறு. வணிகன் அங்கு விலைகொடுத்து வாங்குவது இசையை மட்டுமன்று. கேட்போரின் நினைவுகளையுமே வாங்குகிறான். அந்நினைவுகளுக்கு விலை பேசும்போது அவற்றின் சொந்தக்காரரை எவரும் கேட்பதில்லை.

அண்மைக் காலத்தில் இவ்வாணிகம் மேலும் விரிந்துள்ளது. பொப் டிலன் 2020 இலும் புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் 2021 இலும் தம் பாடற்றொகுதிகளைப் பெருங் கம்பனிகளுக்கு விற்றனர். புகழும் செல்வமும் மிக்கோர் தாமாகவே கைவிடும் இந்த உரிமையை, வறிய கலைஞன் தன் முதல் ஒப்பந்தத்திலேயே இழந்துவிடுகிறான்.

எனவே, கொடுக்கலாமா என்ற கேள்விக்கு நமது விடை இதுவே: மக்களுடையதாகிவிட்ட பாட்டை விளம்பரத்துக்குக் கொடாதிருத்தலே நன்று. ஆனால் அக்கடமையைப் பசித்தவன் தலையில் மட்டும் சுமத்துதல் அநீதி. மறுக்கும் உரிமையை எழுதிக் கொடுக்காத ஒப்பந்தங்களும், அவற்றைக் காக்கும் கலைஞர் சங்கங்களும், உழைப்புக்கேற்ற ஊதியமும் முதலில் வேண்டும். ‘இல்லை’ என்று சொல்லும் ஆற்றல் செல்வர்க்கு மட்டும் உரியதாக இருக்கும் வரை, கலையின் தூய்மை பற்றிய நம் உபதேசங்கள் வெறும் உபதேசங்களாகவே இருக்கும்.