மின்சிகரெட்டும் பள்ளி வயதினரும் (கோலார் தங்கவயல்)

நிகோடின் கலந்த திரவத்தை மின்கலத்தால் சூடாக்கி, உள்ளிழுக்கும் ஆவியாக மாற்றும் சிறு கருவியே மின்சிகரெட். பிள்ளைகள் அதை ‘வேப்’ என்பார்கள். 2003இல் சீன மருந்தாளுநர் ஹோன் லிக் சிகரெட்டுக்கு மாற்றாக உருவாக்கிய இக்கருவி, இன்று சிகரெட்டையே தொட்டிராத மாணவர் கைகளுக்கும் வந்துவிட்டது.

ஏன் இழுக்கிறார்கள்? அமெரிக்காவில் 2021இல் நடந்த தேசிய இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், ஒருமுறையேனும் இழுத்துப் பார்த்த மாணவர்களில் 57.8 விழுக்காட்டினர், முதல்முறை இழுத்ததற்கு நண்பர் பயன்படுத்தியதைக் காரணமாகச் சொன்னார்கள். தொடர்ந்து இழுப்பவர்களில் 43.4 விழுக்காட்டினர் சொன்னது வேறு: பதற்றம், மன அழுத்தம், மனச்சோர்வு. விளையாட்டாகத் தொடங்கியது எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது. மாம்பழம், புதினா போன்ற சுவைகள் நிகோடினின் காரத்தை மறைத்துவிடுகின்றன. கருவியோ பேனா போலவும் பென்டிரைவ் போலவும் இருப்பதால் புத்தகப்பையில் கலந்துவிடும். ‘வெறும் நீராவிதானே’ என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. அது நீராவி அன்று. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சுவையூட்டிகள், நிகோடின் ஆகியவற்றின் நுண்துளிகள். மூளை இருபத்தைந்து வயதுவரை வளர்வதால் இளையோரை நிகோடின் எளிதில் அடிமையாக்குகிறது.

பெற்றோர் விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் தங்கவயல் வீடுகளில், பிள்ளையின் சட்டையில் புகை வாடை இல்லாதது ஒன்றே போதும், சந்தேகம் எழாமல் இருக்க.

கண்ணுக்குத் தெரியாமல் நெஞ்சுக்குள் போவது இவ்வூருக்குப் புதிதல்ல. கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாக 1934இல் பதிவானது இங்கிருந்த தங்கச் சுரங்கங்களில்தான். 1940–46 ஆய்வில் 7,653 தொழிலாளர்களில் 43.7 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. பாட்டன்மார் கூலிக்காகத் தூசியை இழுத்தார்கள். பேரப்பிள்ளைகள் கையிலிருந்து காசு கொடுத்து இழுப்பதற்கு அந்த நியாயமும் இல்லை.

கர்நாடகம் 2016லேயே மின்சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் நடுவண் அரசின் அவசரச் சட்டமும் டிசம்பரில் முழுச் சட்டமும் வந்தன. விற்பவருக்கு முதல் குற்றத்திற்கு ஓராண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பயன்படுத்துவதைக் குற்றமாக்கும் பிரிவு அச்சட்டத்தில் இல்லை. பிடிபடும் மாணவனைக் குற்றவாளிபோல் நடத்துவது சட்டத்தின் நோக்கமும் அன்று. 2019இன் உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 13–15 வயது மாணவர்களில் 2.8 விழுக்காட்டினர் மின்சிகரெட்டை ஒருமுறையேனும் இழுத்திருந்தனர். ஒருமுறை பயன்படுத்தி எறியும் மலிவு வேப்கள் உலகச் சந்தையில் பெருகியது அதன் பிறகே. ஆகவே அந்த எண்ணை இன்றைய நிலவரமாகக் கொள்ள முடியாது.

விட விரும்புவோர் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மையத்தின் வழியே தமிழிலும் ஆலோசனை கிடைக்கிறது.