செஞ்சிக்கு ஒரு கடல் இருந்தது

செஞ்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பாறையைத்தான் பார்க்கிறார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, நெற்களஞ்சியம், கல்யாண மகால். 2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராத்தியக் கோட்டைகளைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இருந்தது செஞ்சி மட்டும்தான். அப்போது வந்த கட்டுரைகளிலும் மலை, மதில், முற்றுகை, இவ்வளவுதான். கடல் என்ற சொல்லே கண்ணில் படவில்லை. கடற்கரை அங்கிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது, செஞ்சிக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்டால் கேள்வி நியாயம்தான்.

ஆனால் செஞ்சியின் ராஜாக்கள் கடலை வைத்துப் பேரம் பேசியவர்கள். அந்தப் பேரம் நடந்த கரையில், விடிவதற்கு மூணு மணி நேரம் முன்னாடியே எழுந்து கட்டுமரம் தள்ளிக்கொண்டு களவா பிடிக்கப் போனவர்கள் இருந்தார்கள். பத்திரங்களில் அவர்கள் பெயர் இல்லை. இந்தக் குறிப்பு அவர்களை ஒட்டித்தான்.

முதலில் மீன். களவாவை ஆங்கிலத்தில் 'ரீஃப் காட்', 'ராக் காட்' என்பார்கள். ஏற்றுமதிக் கம்பெனி விலைப்பட்டியலில் இன்றைக்கும் அந்தப் பெயர்தான். உண்மையான காட் மீனுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. காட் வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த தண்ணீரில், நார்வே, ஐஸ்லாந்து, நியூபவுண்ட்லாந்துப் பக்கம் வாழ்வது. அதை உப்புப் போட்டுக் காயவைத்த கருவாட்டைத் தின்றுதான் ஐரோப்பியக் கப்பல்காரர்கள் கடல் கடந்தார்கள். நம் பக்கம் வந்தவர்கள் பெரிய தலையும் அகன்ற வாயும் வெள்ளைச் சதையும் உள்ள ஒரு மீனைப் பார்த்ததும், ஊர் ஞாபகத்தில் அதற்கும் காட் என்றே பேர் வைத்துவிட்டார்கள். சரியான பெயர் இங்கேயே இருந்தது, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

களவா பாரில் வாழும் மீன். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. மணல் பரப்பிலோ சேற்றிலோ அதைத் தேடிப் பிரயோஜனம் இல்லை. வலை போட்டால் பாறையில் கிழியும். அதனால் தூண்டில்தான். மத்தி, கணவாய்த் துண்டு இரையாகப் போகும். பாறைப் பொந்தின் வாயில் அசையாமல் கிடக்கும் களவா, இரையைக் கவ்வியதும் திரும்பப் பொந்துக்குள் பாயும். அந்த ஒரு விநாடியில் கயிற்றை இழுத்துத் தூக்கிவிட வேண்டும். உள்ளே போய்விட்டால் மீனும் போச்சு, தூண்டிலும் போச்சு. ஆழத்திலிருந்து மேலே வரும்போது காற்றுப்பை உப்பி, இரைப்பை வாய்வழியே பிதுங்கிக்கொண்டு வரும். இன்னொரு விசேஷம், களவா இனங்கள் பெரும்பாலும் பெண்ணாகவே வளர்ந்து, பெரிதான பிறகு அவற்றில் சில ஆணாக மாறுகின்றன. ஆகவே பெரிய மீன்களையே தேடித்தேடிப் பிடித்தால் அந்தப் பாரில் ஆண் மீன் குறைந்துபோகும்.

இருட்டில் ஏன் கிளம்ப வேண்டும்? இதற்குக் காற்றுதான் காரணம். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் குளிராது. அதனால் பின்னிரவில் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். பகலில் நிலம் சூடேறியதும் அது திரும்பி, கடலிலிருந்து கரைக்கு வீசும். எஞ்சின் இல்லாத காலத்தில் மீனவருக்கு இந்த இரண்டும்தான் போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி. கரைக்காற்றைப் பிடித்துக் கிழக்கே போனவன், கடல்காற்று எழுந்ததும் பாயை மாற்றிக் கட்டிக்கொண்டு கரை திரும்புவான். விடிந்த பிறகு கிளம்பினால் காற்று செத்துக் கிடக்கும், துடுப்பு வலித்தே சாக வேண்டியதுதான்.

அடுத்தது அலை. புதுச்சேரி, கடலூர்க் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. திறந்த கரை, ஓயாமல் அலை உடைகிற கரை. நாலைந்து பெரிய அலை வரிசையாக வந்த பிறகு கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வுக்காகக் காத்திருந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று கட்டுமரத்தைத் தள்ளி ஏற வேண்டும். ஆணி அடித்துச் செய்த ஐரோப்பியப் படகு இங்கே அலையில் மாட்டினால் நொறுங்கிவிடும். கட்டுமரத்தில் உடைவதற்கு எதுவும் இல்லை. லேசான மரக்கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது, தண்ணீர் மேலே ஏறும், இடுக்கு வழியே இறங்கும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும் அல்லவா.

அலை தாண்டியதும் பாரைக் கண்டுபிடிக்கணும். மேலே தண்ணீர் எல்லாம் ஒரே மாதிரி. கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை, உதாரணமாக ஒரு கோபுரத்தையும் அதற்கு முன்னால் இருக்கும் ஒரு பனைமரத்தையும், ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்தால் ஒரு கோடு கிடைக்கும். வேறு திசையில் இன்னொரு ஜோடியைப் பிடித்தால் இரண்டாவது கோடு. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் பார். இருட்டில் கிளம்பி, வெளிச்சம் வந்து கரை துலங்கும் நேரத்துக்குச் சரியாக அங்கே போய்ச் சேர வேண்டும். அப்புறம் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார்கள். எத்தனை பாகம் ஆழம், அடியில் மணலா, சேறா, பாறையா என்று குண்டு தட்டும் விதமே சொல்லிவிடும். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். பார்களுக்குத் தனித்தனிப் பெயர்களும் உண்டு. பள்ளிக்கூடத்தில் நில அளவை என்று சொல்லிக்கொடுத்த அதே வடிவியல்தான், காகிதம் மட்டும் இல்லை.

இப்போது செஞ்சிக்கு வருவோம். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் கடற்கரையின் மதிப்பு தெரிந்தவர். 1597-இல் செஞ்சிக்கு வந்த பிமென்டா என்ற ஏசு சபைப் பாதிரியார் நகரத்தின் அளவைக் கண்டு அசந்துபோய் எழுதிவைத்திருக்கிறார். வெள்ளாறு கடலில் சேரும் இடத்தருகே நாயக்கர் புதிதாக ஒரு பட்டினமே எழுப்பினார். கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் இடம் கேட்டு டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1608-இல் அவர்களுக்கு அனுமதி கொடுத்தது செஞ்சி நாயக்கர்தான். போர்த்துகீசியருக்கு அது பிடிக்கவில்லை. ஆக, மலைமேல் கோட்டை என்றாலும் கதவு கடற்கரையில் இருந்தது.

இது புதுசும் இல்லை. சிறுபாணாற்றுப்படையில் வரும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினத்தை மரக்காணம் பக்கம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அவன் ஊரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. கடற்கரையில் பாணனுக்குச் சுட்ட மீனும் தேறலும் கொடுத்து உள்நாட்டுக்கு வழிகாட்டும் அந்தப் பாட்டின் பாதை, ஏறக்குறைய மரக்காணம் உப்பும் கருவாடும் மாட்டுவண்டியில் ஏறி மேற்கே போன அதே பாதை.

பிறகு 1649 வாக்கில் செஞ்சி பீஜப்பூர் வசம் போனது. 1677-இல் சிவாஜி பிடித்தார். 1689-இல் அவர் மகன் ராஜாராம் முகலாயருக்குத் தப்பி தெற்கே ஓடிவந்து செஞ்சியில் தங்கினார். ஜுல்பிகார் கான் 1690-இல் முற்றுகை போட்டான், கோட்டை விழுந்தது 1698-இல். அத்தனை வருஷம் தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டும். விற்பதற்கு ராஜாராமிடம் இருந்தவற்றில் ஐரோப்பியர்கள் போட்டி போட்டு ஆசைப்பட்டது கடற்கரை. 1690-இல் தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது. அப்போது மெட்ராஸ் கவர்னர் எலிஹு யேல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஆள். கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயரிட்டார்கள்.

விற்பனையில் ஒரு ஷரத்து உண்டு. கோட்டையோடு சேர்த்து, அங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் கம்பெனிக்கு. கம்பெனிக்காரர்கள் விடுவார்களா? நல்ல பீரங்கியாகப் பார்த்து, கைதேர்ந்த பீரங்கிக்காரனைக் கொண்டு, செப்டம்பர் மாதம் சுற்றிலும் சுட்டார்கள். பீரங்கியை எப்படிக் கெட்டித்துச் சுட்டால் அதிக தூரம் போகும் என்பது சுடுபவன் சாமர்த்தியம் என்று மெட்ராஸிலிருந்தே சொல்லி அனுப்பியிருந்தார்கள். கடலூர் நகரமும் அந்த வட்டத்துக்குள் விழுந்தது. அந்த ஊர்களுக்கு குண்டு கிராமங்கள் என்றே பேர் நிலைத்தது.

செஞ்சி வரலாற்றில் இதை ஒரு வேடிக்கைச் சம்பவமாக எழுதிவிட்டுப் போவார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. மலைமேல் ஒருத்தர் கையெழுத்துப் போட, கரையில் ஒருத்தர் திரி கொளுத்த, நடுவில் இருந்த ஜனங்கள் யார் குடிமக்கள் என்பது குண்டு விழுந்த இடத்தைப் பொறுத்து முடிவானது. குப்பத்துக்காரர்களிடம் யார் கேட்டார்கள்? இத்தனைக்கும் வாங்கியவர்களின் வியாபாரம் முழுக்க அவர்கள் கையில் இருந்தது. கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். துணி மூட்டை, பணப்பெட்டி, கவர்னர், சிப்பாய் எல்லாமே கயிற்றால் தைத்த சலங்கில்தான் அலை தாண்ட வேண்டும். கடல் மோசமாகி சலங்கும் போக முடியாத நாளில் கட்டுமரக்காரர் ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு கப்பலுக்குப் போவார். களவா பிடிக்கப் போய்ப் பழகிய அலைதான் அது. மலையில் இருந்தவருக்கும் கோட்டையில் இருந்தவருக்கும் அந்த வித்தை தெரியாது.

அதே 1690-இல் மெட்ராஸில் சில மாதம் தங்கியிருந்த வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி, 1697-இல் அச்சான தன் பயண நூலில் கட்டுமரத்தை விவரிக்கிறார். சின்னது, ஒரே ஆள் போவது, அவன் காலும் இடுப்பும் எப்போதும் தண்ணீரில்தான் என்கிறார். சொல் ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் அவர்கள் அதை இரட்டை உடல் கொண்ட பாய்க்கப்பலுக்கு வைத்துவிட்டார்கள், அது பசிபிக் தீவுக்காரர்களின் பாணி. களவாவுக்கு அந்நியப் பெயர், கட்டுமரம் என்ற பெயருக்கு அந்நியப் பொருள். கணக்கு சரியாகிவிட்டது போல.

செயின்ட் டேவிட் கோட்டையை 1758-இல் லாலி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்தார்கள். 1750-இல் புஸ்ஸி பிடித்த செஞ்சி 1761-இல் ஆங்கிலேயர் கைக்குப் போய், பிறகு மெல்ல மெல்ல ராணுவ முக்கியத்துவத்தை இழந்தது. தேவனாம்பட்டினத்தில் குப்பம் இருந்தது, இருக்கிறது.

மாறியது கடலில் போகும் விதம். 1980-களில் வெளிப்புற எஞ்சின் பரவ ஆரம்பித்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன, கட்டுமரம் அநேகமாக ஓய்ந்தது. இப்போதும் மூணு மணிக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு, ஆனால் கரைக்காற்றுக்காக அல்ல, காலை ஏலத்துக்கு மீன் வந்து சேரணும் என்பதற்காக. பாரின் இடம் ஜிபிஎஸ் கருவியில் எண்ணாக இருக்கிறது. இதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை, தண்ணீரில் உட்கார்ந்து போவது நான் இல்லையே. ஆனால் எந்தக் கோபுரத்தை எந்தப் பனையோடு சேர்த்தால் எந்தப் பார் என்ற கணக்கு, பனை வெட்டப்பட்டு கோபுரத்துக்கு முன்னால் மாடி வீடு எழும்பியதும், சொல்லிக்கொடுக்கக்கூட முடியாததாகிவிடுகிறது. 1690-இல் குண்டு எங்கே விழுந்தது என்பதற்கு ஆவணக் காப்பகத்தில் காகிதம் இருக்கிறது. ஈயக்குண்டு தட்டிய இடங்களின் பெயர்களை இப்போது எழுபது வயதில் இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஊர் ஊராகப் போய் யாராவது ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால்கூடப் போதும்.

செஞ்சிப் பக்கம் மீனவர் உறவு முற்றிலும் அற்றுப்போகவில்லை என்பதையும் சொல்லணும். செஞ்சிக்கு அருகே இருக்கும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் பரம்பரையாகப் பூசை செய்பவர்கள் செம்படவர்கள், அதாவது ஏரி, ஆற்று மீன்பிடிப்பைத் தொழிலாகக் கொண்டிருந்த பர்வதராஜ குலத்தார். அவர்கள் கடல் மீனவர் அல்லர், பட்டினவரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும் சாமிகளில் மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையாரோடு அந்த அங்காளம்மனும் செஞ்சி ரங்கநாதரும் உண்டு. அன்றைக்கு மட்டும் படகுகளைக் கொஞ்சம் ஒதுக்கி இழுத்துப் போட்டு, சாமி இறங்க வழி விடுவார்கள்.