கங்கை நீரில் மீனுக்கும் ஒரு பங்கு

மழைக்காலம் பிறந்துவிட்டால் பாலிகஞ்சைச் சார்ந்த கரியாஹாட் சந்தையில் இலிஷ் மீனைப் பற்றிய பேச்சே பேச்சு. மரக்கறி உண்ணும் நம் இல்லத்தாரும் அதன் பெருமையை அறிவர். கடலில் வளர்ந்து, முட்டையிட நன்னீரை நாடி ஆற்றில் எதிரேறும் இம்மீன், முன்னாளில் பிரயாகை வரையிலும் சென்றது.

கல்கத்தாத் துறைமுகத்தில் படியும் வண்டலை அகற்றும் பொருட்டுக் கட்டப்பெற்ற பரக்கா அணை, 1975-இல் இயங்கத் தொடங்கியது. 38 கிலோமீட்டர் கால்வாய் வழியே ஹூக்ளிக்கு நீர் வந்தது. மேலேறும் மீனுக்கோ வழி அடைபட்டது. நம் காவிரியிலும் 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் இவ்வினமே அருகிற்று.

1996 டிசம்பர் 12 அன்று இந்தியாவும் வங்கதேசமும் பரக்காவின் கோடை நீரை 30 ஆண்டுகளுக்குப் பங்கிட்டுக்கொண்டன. அப்பங்கீட்டில் மீனுக்கெனத் தனிப்பங்கு இல்லை.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலமோ, ஆற்றிலேயே ஓடவிடும் நீருக்கும் 1987-இல் சட்ட உரிமை வழங்கிற்று. பின்னர் அங்குள்ளோர், சால்மன் மீனுக்காக உழவரின் நீருரிமையை விலைக்கும் குத்தகைக்கும் பெற்று ஓடைகளில் ஓடவிட்டனர்.

நம் முன்னோர்க்குப் பிழைப்பளித்த துறைமுகம் வாழ்க! எனினும், நீரைப் பங்கிடுவோர் அணையில் வழியும் ஆற்றில் நீரும் மீனுக்கு ஒதுக்குவாராக.