பேச்சிப்பள்ளத்திலிருந்து பெட்ரோகிராடு வரை

இந்தியாவில் ஒரு சிறுமிக்குக் கோடைக்காலத்தில் சொல்லித்தரப்பட்ட வரலாற்றுப் பாடங்களில் மிகவும் பேர்பெற்றது 1928இல் நடந்தது. பத்து வயது இந்திரா முசௌரி மலையில் இருந்தார். அலகாபாத்தில் இருந்த அப்பா ஜவஹர்லால் நேரு, பூமி உருவான கதையிலிருந்து தொடங்கி, மனிதர்கள் கூடி வாழக் கற்றது வரை கடிதம் கடிதமாக எழுதி அனுப்பினார். அடுத்த ஆண்டே அவை நூலாயின. 1930 அக்டோபரில் நைனி சிறையிலிருந்து மறுபடியும் தொடங்கினார். 1933 ஆகஸ்டு வரை எழுதிய 196 கடிதங்கள்தான் உலக வரலாறு பற்றிய அவருடைய பெரிய நூல்.

ஒரு பெண்பிள்ளைக்கு உலக வரலாறு தெரிய வேண்டும் என்று ஒரு தகப்பன் நினைத்தது அந்தக் காலத்தில் சிறிய காரியமில்லை. ஆனாலும் அந்தப் பாடம் நடப்பதற்கு என்னென்ன வேண்டியிருந்தன என்று பார்க்க வேண்டும். படித்த அப்பா, வீடு நிறையப் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு யாரும் கூப்பிடாமல் படிக்கிற நேரம். இன்னொன்றும் உண்டு. அப்பா சிறையிலிருந்து வரலாறு எழுதிக்கொண்டிருந்தபோது, அம்மா கமலா மறியலிலும் ஊர்வலத்திலும் இருந்தார். 1931 ஜனவரி 1 அன்று அவரும் கைதானார். மகளுக்கு வரலாறு சொன்னவராக நாம் நினைவில் வைத்திருப்பது அப்பாவை மட்டும்தான்.

இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்ப்பது ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில். எங்கள் நாகமலை புதுக்கோட்டை, மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில், பாம்பு படுத்த மாதிரி நீண்டு கிடக்கும் மலையின் அடியில் இருக்கிறது. பக்கத்திலேயே பல்கலைக்கழகம், சுற்றிலும் கல்லூரிகள், பள்ளிகள். படிப்புக்குப் பேர்போன இடம்தான். ஆனாலும் பிளஸ் டூவில் வரலாறு எடுத்த பெண்பிள்ளைகளை யாரும் கண்டுகொள்வதில்லை. அறிவியல் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையிலேயே சிறப்பு வகுப்பும் டியூஷனும் தொடங்கிவிடும். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் என்று எடுத்தவர்கள் ‘மார்க் குறைஞ்ச பிள்ளைங்க’. அவர்களுக்கு விடுமுறை என்றால் வீட்டுவேலை. தண்ணீர் பிடிப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது, ரேஷன் கடையில் நிற்பது, முகூர்த்த நாள் வந்தால் மணிக்கணக்கில் பூக் கட்டுவது.

ஆனால் அவர்களுக்கு முன்னால் இருக்கிற பாடம் எளிதானதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலின் முற்பகுதி இந்திய விடுதலைப் போராட்டம். பிற்பகுதி உலகம்: அறிவொளிக் காலம், புரட்சிகள், ஏகாதிபத்தியம், இரண்டாம் உலகப்போர், அதற்குப் பிந்தைய உலகம். ஐந்நூறு ஆண்டுகளும் ஐந்து கண்டங்களும் சில அத்தியாயங்களுக்குள் வந்துவிடுகின்றன. பிளஸ் ஒன் தேர்வு முடிந்து பள்ளி திறக்கும் வரை கிடைக்கிற வாரங்களில் இதை ஒருமுறை வாசித்துவிட்டால், பிறகு வகுப்பில் ஆசிரியர் சொல்வது காதில் ஏறும். அதனால், தெருவில் உள்ள நான்கைந்து பிள்ளைகள் மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். நான் தமிழ் படித்தவள். வரலாற்று ஆசிரியரின் இடத்தை நான் எடுத்துக்கொள்வதில்லை. சேர்ந்து வாசிக்கிறோம், அவ்வளவுதான்.

வாசிப்பை நாங்கள் பாரிஸில் தொடங்குவதில்லை. கீழக்குயில்குடி சமணர் மலையில் தொடங்குகிறோம். ஐயனார் கோயிலும் தாமரைக் குளமும் இருக்கும் அடிவாரத்திலிருந்து படியேறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், கீழே வட்டெழுத்து. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. அவற்றில் ஓர் உருவத்தைச் செய்வித்தவர் குணமதியார் என்ற பெண். அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாய் என்று அந்த எழுத்து அவரைச் சொல்கிறது. தமிழ்நாட்டின் பல மலைகளில் பெயர் காணப்படும் பெரிய துறவி அச்சணந்தி. குணமதியார் மகனைச் சொல்லித்தான் அறிமுகமாகிறார். ஆனாலும் அவர் பெயர் இருக்கிறது. பொருள் கொடுத்துச் சிலை செய்விக்கும் வசதியும் அவருக்கு இருந்திருக்கிறது.

இன்னும் தெற்கே போனால் கழுகுமலை. அங்குள்ள சமணக் கல்வெட்டுகளில் குரத்தியார் என்று அழைக்கப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்கள் வருகின்றன. வடக்கே வந்தவாசிப் பக்கம் வேடல் என்ற ஊரில், முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய 500 மாணாக்கியரையும் பற்றிப் பேசுகிறது. 9ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் ஆசிரியரிடம் 500 பேர்! இதைச் சொன்னதும் ஒரு பிள்ளை கேட்டாள்: “அவங்க எல்லாரும் என்ன படிச்சாங்க மிஸ்? அவங்களுக்கு யாரு சமைச்சுப் போட்டா?”

வரலாற்றை வாசிக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டோம். இந்தப் பாடத்தில் பெயர் சொல்லப்படும் பெண் யார்? அவள் யாருடைய மகளாக, மனைவியாக, தாயாகச் சொல்லப்படுகிறாள்? பெயர் சொல்லப்படாமல் இங்கே வேலை செய்துகொண்டிருந்தவள் யார்? குணமதியாரிடம் கேட்கிற இந்தக் கேள்விகளையே உலகத்தின் எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம்.

பாரிஸுக்குக் கொண்டுபோவோம். பிரெஞ்சுப் புரட்சி என்றதும் 1789 ஜூலை 14, பாஸ்டில் சிறை என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று, ரொட்டி கிடைக்காத ஆத்திரத்தில் பாரிஸின் சந்தைப் பெண்கள் திரண்டு, மழையில் சுமார் 20 கிலோமீட்டர் நடந்து வெர்சாய் அரண்மனைக்குப் போனார்கள். மறுநாள் அரசனையும் அரசியையும் பாரிஸுக்கு அழைத்துக்கொண்டுதான் திரும்பினார்கள். அந்த நடையை நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இங்கிருந்து மதுரை நகரைத் தாண்டி ஒத்தக்கடை வரைக்கும். மாவு விலை ஏறியது அரசவைக்குத் தெரியும் முன்பே அடுப்படிக்குத் தெரிந்துவிடும். ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்கிற பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அதன்பின் நடந்ததையும் வாசிக்க வேண்டும். மனித உரிமைப் பிரகடனத்தில் பெண்ணைக் காணோம் என்று ஒலாம்ப் தெ கூஜ் 1791இல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதினார். 1793 அக்டோபரில் பெண்களின் அரசியல் சங்கங்களைப் புரட்சி அரசு தடைசெய்தது. நவம்பர் 3 அன்று ஒலாம்ப் தெ கூஜின் தலை கில்லட்டினில் விழுந்தது. 1804இல் வந்த நெப்போலியனின் சட்டத் தொகுப்பு, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று விதித்தது. பிரான்சில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1944இல். சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு ஓட்டு 1921லேயே வந்துவிட்டது. சுவிட்சர்லாந்துப் பெண்கள் 1971 வரை காத்திருந்தார்கள். “அப்ப நாமதான் முந்திக்கிட்டோமா மிஸ்?” என்று சிரித்தார்கள். சொத்துத் தகுதி என்ற சொல்லை மறுபடி வாசிக்கச் சொன்னேன். “அப்ப எங்க பாட்டிக்கெல்லாம் இருந்திருக்காது” என்றாள் ஒருத்தி. ஆமாம், எந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது என்று கேட்காமல் ‘பெண்களுக்குக் கிடைத்தது’ என்று சொல்லிவிடக் கூடாது.

1917க்கு வந்தால் மறுபடியும் ரொட்டிதான். மார்ச் 8, ருஷ்யாவின் பழைய நாட்காட்டியில் பிப்ரவரி 23, சர்வதேசப் பெண்கள் தினம். பெட்ரோகிராடின் நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்தித் தெருவில் இறங்கினார்கள். ஒரு வாரத்தில் ஜார் முடி துறந்தான். நெசவாலை என்ற சொல் மதுரைக்கு அந்நியமில்லை. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு வருவது நின்றது. நம் கரிசல் காட்டுப் பருத்திக்குத் திடீரென்று விலை ஏறியது. பிறகு ஹார்வி சகோதரர்கள் இந்தப் பக்கம் ஆலைகள் வைத்தார்கள். மதுரையில் அவர்களுடைய மதுரா மில் தொடங்கியது 1892. தொழிற்புரட்சி என்றால் நூற்கும் எந்திரம், நீராவி எந்திரம் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். அதற்கு முன்னால் வீட்டில் ராட்டை சுற்றி நூல் நூற்றது பெரும்பாலும் பெண்கள். ஆலை நூல் வந்ததும் அந்தக் கைக்காசு போனது. கண்டுபிடித்தவர் பெயர் பாடத்தில் இருக்கும். கைக்காசு போனவளை நாம்தான் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போர்ப் பாடத்தில் ஹிட்லரையும் ஹிரோஷிமாவையும் படித்துவிட்டு மலேயாவுக்கும் போகலாம். 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி, ஜான்சி ராணி படையை அமைத்தார். தலைமை ஏற்றவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். படையில் சேர்ந்தவர்களில் மிகப் பலர் ரப்பர் தோட்டத் தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள் இந்தியாவுக்காகத் துப்பாக்கி ஏந்தினார்கள். லட்சுமியின் தாய் அம்மு சுவாமிநாதன், அரசியல் நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களில் ஒருவர். 1952இல் அவரை மக்களவைக்கு அனுப்பியது பக்கத்திலுள்ள திண்டுக்கல் தொகுதி.

போருக்குப் பிந்தைய உலகம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த ஒரு மூதாட்டி இங்கே பேரன் வீட்டில் இருக்கிறார். “நாங்க ஒப்பந்தத்துல வந்தவங்க” என்பார். எந்த ஒப்பந்தம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. ஏற்கப்பட்டவர்களில் கொழுந்து பறித்த பெண்களும் உண்டு. பேச்சுவார்த்தை மேசையில் அவர்களை உட்கார வைத்து யாரும் கேட்கவில்லை. காலனியம், குடியுரிமை, அகதி ஆகிய மூன்று சொற்களுக்கும் அந்தப் பாட்டியின் அரைமணி நேரப் பேச்சில் பொருள் கிடைத்தது. அவருக்கோ, தான் சொன்னதெல்லாம் பாடத்தில் வருமா என்று ஒரே ஆச்சரியம்.

இந்தப் பக்கங்களை வாசிக்கும் மாணவியருக்குச் சில நடைமுறை யோசனைகள். விடுமுறையில் நூல் முழுவதையும் மனப்பாடம் செய்யப் பார்க்க வேண்டாம். ஓர் அத்தியாயத்தை இரண்டு முறை வாசியுங்கள்: முதல்முறை கதையாக, இரண்டாம் முறை பென்சிலோடு. பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டு ஆண்டுகளைக் குறியுங்கள். கோட்டுக்கு மேலே உலகம், கீழே நம் மாவட்டம். 1861க்கு மேலே அமெரிக்கப் போர், கீழே பருத்தி. உலக வரைபடம் ஒன்றை வாங்கிச் சுவரில் ஒட்டிவையுங்கள். வாசித்ததை உங்கள் சொந்தத் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். காரணமும் விளைவும் சொல்லாமல் அந்தப் பக்கத்தை முடிக்காதீர்கள். வீட்டில் இருக்கும் மூத்த பெண்களிடம் ஒரு கேள்வியாவது கேட்டு, அவர்கள் சொன்னதைத் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

மதிப்பெண்ணையும் விட்டுவிடாதீர்கள். ‘மார்க்கா முக்கியம்?’ என்று பேசுவதற்கு வசதியுள்ளவர்கள் பேசட்டும். நம் பிள்ளைகளில் பலருக்குப் பிளஸ் டூ முடிவுதான் கல்லூரியா கல்யாணமா என்பதைத் தீர்மானிக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரியில் சேரும் பெண்களுக்கு, 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. ‘மேலே படிக்கிறேன்’ என்று வீட்டில் பேச அந்த ஆயிரம் ஒரு பிடிமானம். வரலாறு எடுத்தவளுக்கும் அது உண்டு. நாளை அவள் வழக்கறிஞராகலாம், போட்டித் தேர்வு எழுதலாம், தொல்லியல் படித்து, பேச்சிப்பள்ளத்துப் பாறையில் உள்ளதை அவளே வாசிக்கலாம்.

தாய்மாரிடமும் ஒன்று கேட்கிறேன். அடுப்படியும் ரேஷன் வரிசையும் வரலாற்றின் இடங்கள் என்று மேலே எழுதினேன். அதற்காகப் பிள்ளையை அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. மாலை ஐந்திலிருந்து ஆறு வரை ஒரு மணி நேரம் அவளை எதற்கும் கூப்பிடாதீர்கள். அந்த நேரத்துத் தண்ணீர்க் குடத்தை அண்ணனோ தம்பியோ அப்பாவோ தூக்கட்டும். மே மாதத்தில் முப்பத்தொரு நாள் இருக்கிறது. முப்பத்தொரு மணி நேரத்தில், நான் பார்த்தவரை, ஒரு பெண் இரண்டு உலகப்போர்களையும் மூன்று புரட்சிகளையும் வாசித்து முடித்துவிடுகிறாள்.