ஃப்ளிப்பர் வைத்த சோதனை

2001 செப்டம்பரில் நின்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் கேம்கியூபை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் கிராஃபிக்ஸ் சிப்புக்குப் பெயர் ஃப்ளிப்பர், வேகம் 162 மெகாஹெர்ட்ஸ். பின்னாளில் வந்த, பல மடங்கு வலுவான கணினிகளையும் அந்தச் சிப் திணற வைத்தது.

கேம்கியூப் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் டால்ஃபின் எமுலேட்டர் 2003-இல் வந்தது. 2008-இல் அதன் மூலநிரல் பொதுவில் விடப்பட்டதும் பலர் சேர்ந்து அதைச் செம்மைப்படுத்தினார்கள். படம் துல்லியமானது, வேகமும் கூடியது. ஒரு குறை மட்டும் ஒழியவில்லை. மெட்ராய்ட் பிரைம் விளையாட்டில் புதிய அறைக்குள் நுழைந்தாலோ புதிய ஆயுதத்தால் முதன்முறை சுட்டாலோ படம் ஒரு கணம் உறைந்துவிடும். அதையே மறுபடி செய்தால் தடங்கலின்றி ஓடும்.

காரணம் ஷேடர், அதாவது திரையில் வரும் நிறங்களைக் கணக்கிட கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரல். ஃப்ளிப்பரில் இன்றைய ஷேடர்களே கிடையாது. நிறங்களைக் கலக்க டிஇவி என்றொரு பகுதி உண்டு. அதில் 16 கட்டங்கள் வரை அடுக்கலாம். விளையாட்டு அந்த அடுக்கை நினைத்த மாத்திரத்தில் மாற்றும். கணினியின் கிராஃபிக்ஸ் கார்டிலோ, அடுக்கு மாறும்போதெல்லாம் அதற்கென ஒரு ஷேடர் எழுதி, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் அதைக் கம்பைல் செய்தாக வேண்டும், அதாவது கார்டுக்குப் புரியும் வடிவுக்கு மாற்றியாக வேண்டும். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். கம்பைல் செய்யவே அதற்கு மேல் பிடிக்கும். தோசை கேட்ட பிறகு மாவு அரைக்கப் போன கதைதான்.

கம்பைல் ஆனதை வட்டில் சேமித்துப் பார்த்தார்கள். டிரைவரைப் புதுப்பித்தால் அது செல்லாமல் போனது. எல்லாவற்றையும் முன்கூட்டியே கம்பைல் செய்யலாமென்றால், சாத்தியமான அடுக்குகள் எண்ணி மாளாதவை. ஷேடர் தயாராகும் வரை அந்தப் பொருளை வரையாமல் விடும் வழியும் இருந்தது. அப்போது திக்கல் நின்றது, ஆனால் திரையில் இருக்க வேண்டியவை காணாமல் போயின.

2017 ஜூலையில் டால்ஃபினில் வந்த ஊபர்ஷேடர் என்ற முறை, எந்த அடுக்கு வருமென ஊகிக்கும் வேலையையே கைவிட்டது. டிஇவி முழுவதையும் ஒரே பெரிய ஷேடராக எழுதி முதலிலேயே கம்பைல் செய்துவிட்டார்கள். அடுக்கு எப்படி மாறினாலும் அந்த ஷேடருக்கு அது படித்துக்கொள்ள வேண்டிய வெறும் தரவு. புதிதாகக் கம்பைல் செய்ய ஒன்றுமில்லை.

ஆனால் அது கனமானது. அதை மட்டுமே நம்பி ஓட்ட வலுவான கார்டு வேண்டும். ஆகவே ஒரு கலப்பு முறையும் வைத்தார்கள். புதிய அடுக்கு வந்ததும் ஊபர்ஷேடர் வரையத் தொடங்கும், பின்னணியில் தனி ஷேடர் கம்பைல் ஆகும், தயாரானதும் வேலை அதன் கைக்கு மாறும். பிளேஸ்டேஷன் 3-க்கான ஆர்பிசிஎஸ்3 எமுலேட்டரிலும் இதையொத்த முறை பின்னர் இடம்பெற்றது.